பஞ்சர் கூழ்: ஊத்தலாம், மறக்கத்தான் கூடாது

தலைப்புல கூழப் பாத்துட்டு ஆடி மாசத்து அம்மன் கோயில் மேட்டர்னு உள்ள வந்தவங்க அப்படியே யு-டர்ன் போட்டுக்கலாம். இது வண்டி டயருக்குள்ள ஊத்துற கூழ். பச்சையாவோ நீலமாவோ, பாத்திரம் தேய்க்கிற லிக்விட் மாதிரி கொழகொழன்னு இருக்கும். டயர் சீலண்ட், பஞ்சர் ஜெல், ஆன்ட்டி பஞ்சர் லிக்விட்னு கடைக்குக் கடை பேரு மாறும். சரக்கு கிட்டத்தட்ட ஒண்ணுதான்.

"இத ஊத்தலாமா, வேணாமா?" இதுதான் கேள்வி. ஆபீஸ் பார்க்கிங்ல நாலு பேரு நின்னா இதுக்கு ரெண்டு கட்சி உருவாகிடுது. "அஞ்சு வருஷமா ஓட்டறேன், பஞ்சர்ங்கிற வார்த்தையே மறந்து போச்சு"ன்னு ஒரு கட்சி. "டயரே நாசமாப் போயிடும், கிட்ட சேர்க்காத"ன்னு இன்னொரு கட்சி. ரெண்டு பேருமே கொஞ்சம் உண்மையும் நிறைய வேகமுமா பேசறாங்க. என் கருத்த முதல்லயே சொல்லிடறேன். டியூப்லெஸ் டயர் உள்ள ரெண்டு சக்கர வண்டிக்கு ஊத்தலாம். ஆனா ஊத்தினதுக்கு அப்புறம் டயர மறந்துடற ஆளா நீங்க இருந்தா, ஊத்தாம இருக்கறதே மேல். ஏன்னு கீழ சொல்றேன். கொஞ்சம் நீளமாப் போகும், டீ எடுத்துக்கிட்டு வந்துடுங்க.

அந்தக் கூழுக்குள்ள என்னதான் இருக்கு?

இதுல மூணு வகை இருக்கு. பல பேரு மூணையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பிக்கறாங்க.

முதல் வகை, பஞ்சர் ஆகறதுக்கு முன்னாடியே ஊத்தி வைக்கிறது. ஸ்கூட்டர், பைக்குக்கு நம்ம ஊர்ல பெரும்பாலும் இதுதான். கிளைகால்ங்கிற திரவம்தான் இதுக்கு அடிப்படை. ரேடியேட்டர் கூலன்ட்ல போடறாங்களே, அதே குடும்பம். அது சீக்கிரம் காயாது. அதுல சின்னச் சின்ன நார், ரப்பர் துணுக்கு, கெட்டிப்படுத்தற பொருள் எல்லாம் மிதக்கும்.

ரெண்டாவது வகை, பஞ்சர் ஆனதுக்கு அப்புறம் ஏத்தறது. கார்ல ஒரு பாட்டிலும் சின்ன கம்ப்ரஸரும் வெச்சுக் குடுக்கறாங்களே, அது. இதுல பெரும்பாலும் ரப்பர் பால், அதாவது லேட்டக்ஸ் இருக்கும். காத்து பட்டா கெட்டியாகிற சாமான்.

மூணாவது வகை, டயர் செய்யற கம்பெனியே உள்பக்கம் பிசின் மாதிரி ஒரு படலம் ஒட்டி அனுப்பறது. கான்டினென்டல் கம்பெனியோட கான்டிசீல் இந்த மாதிரி. 5 மி.மீ. வரைக்கும் உள்ள ஓட்டையைத் தாங்கும்னு அவங்களே சொல்றாங்க. இந்தியாவுல ஜே.கே. டயர் 2022ல கார்களுக்கு இதே மாதிரி ஒண்ணு கொண்டு வந்தாங்க. இதுல கொழகொழ கிடையாது, ஓடாது, சிந்தாது. விலைதான் கூட.

நம்ம பஞ்சாயத்து பெரும்பாலும் முதல் வகையப் பத்தினது.

எப்படி வேலை செய்யுது?

இன்ஜினியரிங் படிச்சு எழுதின அரியர் எல்லாம் வீணாகக் கூடாதுன்னு ஒரு சின்ன கணக்கு போட்டுப் பாத்தேன் :-)

ஒரு சாதாரண ஸ்கூட்டரோட பின் டயர் 90/100-10ன்னு வெச்சுக்குவோம். அதோட சுற்றளவு ஏறக்குறைய 1.36 மீட்டர். 60 கி.மீ. வேகத்துல போனா சக்கரம் நொடிக்கு 12 தடவை சுத்தும். அந்தச் சுத்துல உள்ள இருக்கிற கூழு மேல வர்ற வெளித்தள்ளு விசை, புவியீர்ப்பு மாதிரி சுமாரா 120 மடங்கு! உள்ள 300 கிராம் கூழ் இருந்தா, அது 36 கிலோ கனம் வெச்ச மாதிரி டயரோட தரை படற பக்கமாப் போய் அமுங்கும். நின்னுக்கிட்டு இருக்கும்போது அடியில குட்டையாத் தேங்கிக் கிடக்கிற சாமான், ஓட ஆரம்பிச்சதும் பட்டனுக்கு நேர் உள்பக்கம் முழுக்க ஒரு படலமாப் பரவிடும்.

இப்ப ஆணி குத்துது. காத்து ஓட்டை வழியா வெளிய ஓடப் பாக்கும். ஓடும்போது கூழையும் சேர்த்து இழுத்துக்கிட்டு வரும். கூழ்ல இருக்கற நாரும் ரப்பர் துணுக்கும் ஓட்டையில ஒண்ணு மேல ஒண்ணு மாட்டிக்கிட்டு அடைச்சுக்கும். கிச்சன் சிங்க்ல சோத்துப் பருக்கையும் தலைமுடியும் சேர்ந்து அடைச்சுக்குமே, அதே டெக்னாலஜிதான். அங்க நமக்குத் தலைவலி, இங்க நமக்கு உதவி.

இந்த ஒரு விஷயம் புரிஞ்சுட்டா, எங்க வேலை செய்யும், எங்க செய்யாதுன்னு யாரையும் கேக்க வேண்டியதில்ல.

1. பட்டன் இருக்கற பகுதியில சின்ன ஆணி, ஸ்க்ரூ, முள்ளு குத்தினா அடைக்கும். ஓட்டை 5, 6 மி.மீ.க்கு மேல போச்சுன்னா நம்பக் கூடாது.

2. பக்கவாட்டுச் சுவர்ல அடிபட்டா அடைக்காது. முதல் காரணம், கூழ் அங்க போய் நிக்கறதே இல்ல. ரெண்டாவது, சக்கரம் சுத்தற ஒவ்வொரு சுத்துக்கும் அந்தச் சுவர் மடங்கி நிமிரும். எதை வெச்சு அடைச்சாலும் பிச்சுக்கிட்டு வரும்.

3. கிழிசல்னா அடைக்காது. குப்பையில கிடக்கற தகரமோ கண்ணாடியோ வெட்டினா அது ஓட்டை இல்ல, வாய். வாயை அடைக்க இதால முடியாது (யாராலதான் முடியும்?).

4. பள்ளத்துல விழுந்து ரிம் நெளிஞ்சு, ஓரமா காத்து போனா அடைக்கும்னு நம்பி உக்காரக் கூடாது. வால்வு போயிடுச்சுன்னாலும் அப்படித்தான்.

5. டியூப் டயர்ல ஊத்தறது பெரும்பாலும் தண்டம். டியூப்லெஸ்ல ஆணி குத்தினா டயரோட கெட்டி ரப்பர் ஆணியையே கவ்விப் புடிச்சுக்கும். டியூப்ல அப்படி இல்ல. மெல்லிசான டியூப்புக்குள்ள ஆணி ஆட ஆட ஒரு ஓட்டை மூணாகும், மூணும் சேர்ந்து கிழியும். கூழ் எல்லாம் டயருக்கும் டியூப்புக்கும் நடுவுல வந்து நிக்கும். ஸ்போக் வீல் வெச்ச பல பைக்குல இன்னும் டியூப்தான். அதனால முதல்ல உங்க வண்டி எந்த ஜாதின்னு பாத்துக்குங்க. டயர் மேலயே எழுதியிருக்கும்.

சரி, எதுக்கு ஊத்தணும்?

நான் ஊத்தலாம்னு சொல்றதுக்குக் காரணம் காசு மிச்சம்ங்கிறது இல்ல. ஒரு பாட்டில் சில நூறு ரூபா. டியூப்லெஸ்ல ஒரு பிளக் போட நூறு சொச்சம். கணக்கு போட்டா பெரிய லாபம் எதுவும் தெரியாது. விஷயம், பஞ்சர் எங்க ஆகுது, எப்ப ஆகுதுங்கிறதுலதான் இருக்கு.

என் தங்கச்சிக்கு சிறுசேரியில வேலை. வீடு வேளச்சேரி. ஏறக்குறைய 20 கி.மீ. சில வாரம் ஷிஃப்ட் முடிஞ்சு கிளம்பவே ராத்திரி பதினொண்ணு ஆகும். ஆபீஸ் வண்டி இல்லாத நாள்ல ஸ்கூட்டர்தான். அந்த நேரத்துல, ஆள் இல்லாத சர்வீஸ் ரோட்டுல, நூறு கிலோவுக்கு மேல இருக்கற வண்டியை, பின் சக்கரம் தட்டையானதுக்கு அப்புறம் தள்ளிக்கிட்டுப் போறதுன்னா என்னன்னு கொஞ்சம் நினைச்சுப் பாருங்க. பஞ்சர் கடை எல்லாம் சாத்தியிருக்கும். திறந்திருக்கற கடை எவ்வளவு தூரம்னு தெரியாது. "ஹெல்ப் வேணுமா?"ன்னு பக்கத்துல வண்டிய நிறுத்தறவன் நல்லவனா கெட்டவனான்னும் தெரியாது. அவளுக்கு அந்த பஞ்சர் ராத்திரி பதினொண்ணுக்கு நடக்காம, மறுநாள் காலையில பத்து மணிக்கு, வீட்டுப் பக்கத்துக் கடையில நடக்கணும். அவ்வளவுதான் கேக்கறோம். அந்தப் பதினோரு மணி நேரத்த வாங்கித் தர்றதுதான் இந்தக் கூழு.

சாப்பாடு டெலிவரி பண்ற பசங்களுக்கும் இதே கதை. நமக்கு பஞ்சர்னா ஒரு மணி நேரம் லேட்டு. அவங்களுக்கு அந்த ஒரு மணி நேரம்னா அன்னைய சம்பாத்தியத்துல ஒரு துண்டு.

இன்னொண்ணு, பஞ்சர் எல்லாமே தற்செயல்னு சொல்லிட முடியாது. 2010களோட நடுவுல பெங்களூரு அவுட்டர் ரிங் ரோடு ஆணி மேட்டர் பெருசா செய்தியில வந்தது ஞாபகம் இருக்கலாம். தினமும் அந்த வழியா ஆபீஸ் போய்க்கிட்டிருந்த ஒரு பொறியாளர், குச்சியில காந்தத்தக் கட்டிக்கிட்டு ரோட்டுல ஆணி பொறுக்கி, கிலோ கணக்குல சேர்த்துக் காட்டினார். நாமெல்லாம் ஆபீஸ்ல ஆணி புடுங்கறதா சொல்லிக்கறோம். நிஜமாவே ஆணி புடுங்கின மகராசன் அவர்தான்! யாரோ வேணும்னே போடறாங்கங்கிறதுதான் அப்ப வந்த குற்றச்சாட்டு. கட்டட வேலை நடக்கிற ரோட்டுல யாரும் போடாமலேயே ஸ்க்ரூவும் கம்பித் துண்டும் கிடக்கும். எப்படி வந்ததா இருந்தாலும் குத்தறது நம்ம டயரத்தான்.

பழைய பஜாஜ் சேத்தக் ஸ்கூட்டர் வெச்சிருந்த அப்பாக்களுக்குத் தெரியும், அந்த வண்டியிலயே ஒரு ஸ்டெப்னி இருக்கும். நடு ரோட்டுல நட்டக் கழட்டி மாத்திக்கிட்டுப் போயிடுவாங்க. இன்னைக்கு வர்ற ஸ்கூட்டர்ல அது கிடையாது. அந்த இடத்த ஒரு பாட்டில் கூழு கொஞ்சமாவது நிரப்புதுன்னா, நிரப்பட்டுமே.

அப்ப பிரச்சினை எங்க?

கோடு எழுதறவங்களுக்கு ஒரே வரியில சொல்லிடலாம். ட்ரை-கேட்ச் போட்டு, கேட்ச் பிளாக்கக் காலியா விடற மாதிரிதான் இந்த சீலண்ட். எர்ரர் வருது. புரோகிராம் கவுறாது. ஸ்கிரீன்ல எதுவும் தெரியாது. லாக்லயும் எதுவும் இருக்காது. எல்லாரும் சந்தோஷமா இருப்பாங்க. ஆறு மாசம் கழிச்சு ஒரு நாள் மொத்தமா உக்காரும்போதுதான், உள்ள என்னென்ன நடந்திருக்குன்னு தெரியும்.

கோடு எழுதாத புண்ணியவான்களுக்கு: பல்லு வலிக்கு மாத்திரை போட்டுக்கிட்டே டாக்டர்கிட்ட போகாம இருக்கறது.

கூழ் ஓட்டைய அடைக்கும். ஆனா ஆணிய வெளிய எடுக்காது. அடைக்கறதுக்குள்ள போன காத்தத் திரும்பக் கொண்டு வராது. இந்த ரெண்டாவது விஷயம்தான் பல பேருக்குத் தோணறதே இல்ல. ஒவ்வொரு ஆணிக்கும் கொஞ்சம் கொஞ்சமா காத்து போகும். ஆணி அசையும்போது இன்னும் கொஞ்சம் போகும். ஆனா டயர் ஒரேயடியா தட்டையாகாது. அதனால நாம பாக்க மாட்டோம். காத்து குறைஞ்ச டயர் தரையில நல்லா அமுங்கி ஓடும், பக்கச் சுவர் அளவுக்கு மீறி மடங்கும், மடங்க மடங்க சூடாகும். டயர் சாகறது பல நேரம் ஆணியால இல்ல. ஆணி குத்தினதுக்கு அப்புறம் காத்து குறைவா ஓட்டினதால.

தங்கச்சி வண்டியவே எடுத்துக்கறேன். அத சர்வீஸ் விட்ட இடத்துல (பேரு வேணாம், விட்டுடுங்க) கேக்காமலேயே இந்த ஜெல்ல ஊத்தி பில்லுல ஒரு வரி சேர்த்திருந்தாங்க. கேட்டதுக்கு, "மேடம், இனிமே உங்களுக்கு பஞ்சரே ஆகாது"ன்னு ஒரு சிரிப்பு. அவளும் நம்பினா. எட்டு மாசம் நிம்மதியா ஓட்டினா. அப்புறம் வளைவுல வண்டி ஒரு மாதிரி வழுக்கிக்கிட்டுப் போற மாதிரி இருக்குன்னு சொன்னா. எங்க தெருமுனை பஞ்சர் கடைக்குத் தள்ளிக்கிட்டுப் போனோம்.

கடைக்கார அண்ணன் காத்து எவ்வளவு இருக்குன்னு பாத்தார். ஸ்டிக்கர்ல போட்டிருக்கறதுல பாதி கூட இல்ல. சக்கரத்த மெதுவாச் சுத்தி, விரலால தடவி, "இங்க ஒண்ணு.. இங்க ஒண்ணு.."ன்னு எண்ணினார். மொத்தம் மூணு. ஒரு ஆணி, ஒரு ஸ்க்ரூ, ஒரு கம்பித் துண்டு. ஸ்க்ரூவோட தலை ரோட்டுல தேஞ்சு பளபளன்னு வெள்ளிக்காசு மாதிரி இருந்துச்சு. அவ்வளவு நாளா அது உள்ளயே குடியிருந்திருக்கு.

டயரக் கழட்டினார். உள்பக்கம் சுவர் ஓரமா வளையமா ரப்பர் உராஞ்சு, அந்தத் தூளு கூழோட கலந்து கறுப்புக் களி மாதிரி ஒட்டியிருந்துச்சு.

"என்னம்மா, காத்தே பாக்கறதில்லையா?"

"பஞ்சரே ஆகாதுன்னு சொன்னாங்களேண்ணா..."

"பஞ்சர் ஆகலன்னு யாரு சொன்னா? மூணு ஆயிருக்கு. உனக்குத்தான் தெரியல."

டயர் தேறாது, மாத்திடுங்கன்னு சொல்லிட்டார். பட்டன் இன்னும் பாதிக்கு மேல இருந்துச்சு. ஒழுங்கா இருந்திருந்தா இன்னும் ஒரு வருஷமாவது ஓடியிருக்க வேண்டிய டயர்.

இதுல கூழு மேல என்ன தப்பு? அதோட வேலைய அது பிரமாதமா செஞ்சிருக்கு. மூணு தடவை அவளை நடுரோட்டுல நிக்க விடாம வீட்டுக்குக் கொண்டு வந்து சேர்த்திருக்கு. தப்பு, "இனிமே பஞ்சரே ஆகாது"ங்கிற அந்த ஒரு வரியில இருக்கு. அந்த வரியச் சேர்த்து வித்ததால, டயர யாராவது குனிஞ்சு பாக்க வேண்டிய மூணு சந்தர்ப்பமும் போச்சு. பஞ்சர் ஆகறது தொல்லைதான். ஆனா அந்தத் தொல்லையில ஒரு நல்லதும் இருக்கு. அன்னைக்கு விஷயம் தெரிஞ்ச ஒரு ஆள் நம்ம டயரக் கையில தொட்டுப் பாக்கறார். வெடிப்பு, தேய்மானம், ரிம் நெளிசல் எல்லாம் அவர் கண்ணுல படும். கூழு அந்தப் பார்வைய நிறுத்திடுது. அந்தப் பார்வைக்கு நாமதான் வேற வழி பண்ணணும்.

பஞ்சர் கடைக்காரங்க ஏன் திட்டறாங்க?

"அவங்க வியாபாரம் படுத்துடும், அதான் திட்டறாங்க"ன்னு சொல்றது சுலபம். பாதி நியாயமும் இல்ல அதுல. அவங்க இடத்துல உக்காந்து பாருங்க. வாலைத் திறந்ததும் கூழ் மூஞ்சியில அடிக்கும். சோப்புத் தண்ணி தடவினா, ஓட்டை அடைச்சுக்கிட்டு இருக்கறதால குமிழி வராது, எங்க ஓட்டைன்னே புடிபடாது. கொழகொழன்னு இருக்கற இடத்துல பஞ்சர் ஒட்டுற சொல்யூஷன் புடிக்காது. முதல்ல கழுவணும், துடைக்கணும், காய விடணும். பத்து நிமிஷ வேலை அரை மணி நேரமாகும். அதுக்கு நாம கூடக் காசு குடுக்கறதில்ல, முனகறோம். திட்டாம என்ன பண்ணுவாங்க?

அதனால ரெண்டு மரியாதை. கடைக்குப் போனதும், "அண்ணே, உள்ள ஜெல் ஊத்தியிருக்கு"ன்னு முதல் வார்த்தையா சொல்லிடுங்க. கழுவற வேலைக்கு சேர்த்துக் காசு குடுங்க. முதல் விஷயம் வெறும் மரியாதை மட்டும் இல்ல, பாதுகாப்பும் கூட. டப்பாவ அமுக்கி டயருக்குள்ள அடிக்கிற ஸ்ப்ரே வகையில சிலதுல தீப்பிடிக்கிற வாயு இருக்கும். அது உள்ள இருக்கறது தெரியாம பக்கத்துல நெருப்பு காட்டினா விபரீதம்.

ஒட்டுற விதத்துலயும் ஒரு வார்த்தை. நம்ம ஊர்ல வெளியிலேருந்தே ஊசியால ரப்பர் திரிய சொருகிட்டு அனுப்பிடறாங்க. நானும் அதத்தான் போட்டுக்கிட்டு ஓட்டறேன், ரெண்டு சக்கர வண்டிக்கு அது ஓடிக்கிட்டுதான் இருக்கு. ஆனா அமெரிக்க டயர் தயாரிப்பாளர் சங்கம் என்ன சொல்லுதுன்னா, டயரக் கழட்டி உள்பக்கம் பாக்காம ஒட்டக் கூடாது, திரி மட்டும் போட்டா முழு ரிப்பேர் ஆகாது, ஓட்டைய நிரப்பறதோட உள்பக்கம் பட்டையும் ஒட்டணும், அதுவும் பட்டன் பகுதியில 6 மி.மீ.க்குள்ள இருந்தாத்தான். காளான் மாதிரி தண்டும் குடையுமா ஒரு பீஸ் வருது, அது இதுக்குத்தான். ஹைவேயில வேகமா ஓடற கார்னா கேட்டு வாங்கிப் போட்டுக்கறது நல்லது.

கார் வெச்சிருக்கறவங்களுக்கு

முதல்ல ஒரு துணுக்கு. ஸ்டெப்னின்னு நாம சொல்றோமே, அது ஒரு தெருவோட பேரு. வேல்ஸ்ல லனெல்லிங்கிற ஊர்ல ஸ்டெப்னி தெருவுல இருந்த டேவிஸ் சகோதரர்கள், 1904ல இந்த உபரிச் சக்கரத்தக் கொண்டு வந்தாங்க. அந்த ஊர்க்காரங்க மறந்தாலும் நம்ம மெக்கானிக்குங்க இன்னும் அந்தப் பேர விடல.

அந்த ஸ்டெப்னிக்குத்தான் இப்ப ஆபத்து. 2020 ஜூலையில மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் மோட்டார் வாகன விதியத் திருத்திச்சு. 3.5 டன் வரைக்கும் உள்ள பயணிகள் கார்ல டியூப்லெஸ் டயர், பஞ்சர் ரிப்பேர் கிட், காத்தழுத்தத்தக் காட்டற சிஸ்டம் மூணும் இருந்தா ஸ்டெப்னி கட்டாயமில்லன்னு ஆச்சு. டிக்கியில இடம் மிச்சம், எடை மிச்சம். எலக்ட்ரிக் கார்னா பேட்டரிக்கு இடம் கிடைக்கும். எல்லாம் சரி.

ஆனா மேல போட்ட லிஸ்ட்டத் திரும்பப் பாருங்க. ஆணி குத்தினா கிட் காப்பாத்தும். நம்ம ரோட்டுல கார் டயர் சாகறது ஆணியால மட்டுமா? ராத்திரி தெரியாத பள்ளம், சென்டர் மீடியன் கல்லு, பாலத்து இணைப்புல நீட்டிக்கிட்டு இருக்கற கம்பி.. இதெல்லாம் பக்கச் சுவரக் கிழிக்கற சாமான். உளுந்தூர்பேட்டைக்கு அந்தப் பக்கம் ராத்திரி ரெண்டு மணிக்கு சுவர் கிழிஞ்சா, அந்த பாட்டில வெச்சுக்கிட்டு அபிஷேகம்தான் பண்ணலாம். என்னைக் கேட்டா, ஊருக்குள்ள மட்டும் ஓட்டறவங்களுக்கு கிட் போதும். குடும்பத்தோட அடிக்கடி ஊருக்குப் போறவங்க கார் வாங்கும்போதே ஸ்டெப்னி இருக்கான்னு டிக்கியத் திறந்து பாத்துக்குங்க. இல்லேன்னா தனியா வாங்கி வெக்க முடியுமான்னு கேளுங்க.

கிட் இருக்கறவங்க இப்பவே ஒரு தடவை எடுத்துப் பாருங்க. பாட்டில் மேல காலாவதி தேதி போட்டிருக்கும். நம்ம ஊரு வெயில்ல டிக்கியில கிடந்து வேகற சாமான் அது. உபயோகிச்சா 80 கி.மீ.க்கு மேல போகக் கூடாதுன்னு ஒரு ஸ்டிக்கர் கூடவே குடுத்திருப்பாங்க. ஒரு பத்து நிமிஷம் ஓட்டிட்டு நிறுத்தி, காத்து நிக்குதான்னு திரும்பப் பாக்கணும். நிக்கலேன்னா அத்தோட விட்டுடணும். அதுவும் கடைக்குப் போய்ச் சேர்றதுக்குத்தான், கன்னியாகுமரி போய்ச் சேர்றதுக்கு இல்ல.

நான் சொல்ற வழி

1. டியூப்லெஸ் ஸ்கூட்டர், பைக்கா? ராத்திரி, தனியா, தூரமா ஓட்டறீங்களா? தாராளமா ஊத்துங்க. தினமும் ரெண்டு கி.மீ. மார்க்கெட் போய் வர்ற வண்டிக்குத் தேவையில்ல.

2. பாட்டில்ல உங்க டயர் சைஸுக்குப் போட்டிருக்கற அளவு மட்டும். பொதுவா ஸ்கூட்டருக்கு 200 - 350 மி.லி.க்குள்ள வரும். கூட ஊத்தினா கூடப் பாதுகாப்பு கிடையாது. சக்கரம் உதறும், அவ்வளவுதான்.

3. ஊத்தின தேதிய ஆர்.சி. கவர்லயோ மொபைல்லயோ குறிச்சு வெய்யுங்க. கம்பெனி சொல்ற காலம் முடிஞ்சதும் கழுவி எடுத்துடணும். காஞ்சு போன கூழு அடைக்காது, உள்ள உருண்டையாத் திரண்டு ஆட்டம் போடும். ரிம்முலயும் கறை புடிக்கும்.

4. வாரத்துக்கு ஒரு தடவை காத்து. பெட்ரோல் போடற இடத்துல ரெண்டு நிமிஷம். வழக்கத்தவிடக் குறைஞ்சிருந்தா, அதான் உங்க எர்ரர் லாக். உள்ள ஆணி இருக்குன்னு அர்த்தம்.

5. மாசத்துக்கு ஒரு தடவை சென்டர் ஸ்டாண்ட் போட்டு, சக்கரத்தச் சுத்தி கண்ணால பாருங்க. எதாவது பளபளன்னு தெரிஞ்சா நீங்களே புடுங்காதீங்க. கடைக்கு ஓட்டிக்கிட்டுப் போய் அங்க எடுத்து, ஒழுங்கா ஒட்டுங்க.

6. மொட்டை டயர்ல ஊத்தாதீங்க. அது பஞ்சர் பிரச்சினை இல்ல, பிரேக் பிரச்சினை. மழையில வழுக்கும்போது எந்தக் கூழும் புடிச்சு நிறுத்தாது.

7. கேக்காம ஊத்தி பில்லுல சேர்த்தா, குடுக்க மாட்டேன்னு சொல்லுங்க. சண்டை போடறதுல தப்பில்ல.

"இவ்வளவும் பாக்கணும்னா அப்புறம் எதுக்குய்யா கூழு?"ன்னு கேப்பீங்க. நியாயமான கேள்வி. வீட்டுல இன்வெர்ட்டர் இருக்கு. கரண்ட் போனா ஃபேன் ஓடும். அதுக்காக ஈ.பி. பில் கட்டாம விடுவோமா? இன்வெர்ட்டர் ரெண்டு மணி நேரத்துக்கு, அவ்வளவுதான் கணக்கு. இதுவும் அப்படித்தான்.

அம்பத்தூர், ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், மதுரைன்னு சுத்தியும் வாகனமும் டயரும் செஞ்சு அனுப்பற ஊர்க்காரங்க நாம. ஆனா நம்மள்ல எத்தனை பேருக்கு நம்ம வண்டியோட பின் டயர்ல எவ்வளவு காத்து இருக்கணும்னு தெரியும்? அது தெரியாதவங்களுக்கு ஆயிரம் ரூபா கூழு ஊத்தினாலும் பிரயோஜனமில்ல. தெரிஞ்சவங்களுக்கு முன்னூறு ரூபா பாட்டில் நிஜமாவே ஒரு நாள் கை குடுக்கும்.

தங்கச்சி புது டயர் போட்டாச்சு. ஜெல்லும் ஊத்தினோம், கேட்டு, அளந்து, தேதி குறிச்சு. அதோட ஒரு சின்ன காத்து அளக்கற மீட்டரும் வாங்கி சீட்டுக்கு அடியில போட்டிருக்கா. ரெண்டுல எது முக்கியம்னு கேட்டா, மீட்டர்னுதான் சொல்லுவேன்.

இதப் படிச்சு முடிச்சதும் கீழ பார்க்கிங்குக்கு ஒரு நடை போய், பின் டயர ஒரு சுத்து சுத்திப் பாத்துட்டு வந்துடுங்களேன். ரெண்டே நிமிஷம். எதாவது ஆணி கிடைச்சா, ஆபீஸ்ல புடுங்கற கணக்குல சேர்த்துக்கலாம் ;-)